லாரன்ஸ் ஆஃப் அரேபியா: உலகம் கொண்டாடிய போர் நாயகனுக்கு தேரா நகரில் என்ன நடந்தது? சாகும்வரை அவர் சுமந்த வலியின் கதை

லாரன்ஸ் ஆஃப் அரேபியா படத்தைப் பார்க்காதவர்களுக்குக்கூட அந்த உருவம் தெரிந்திருக்கும். வெள்ளை அங்கி, இடுப்பில் குறுவாள், நீலக் கண்கள், பின்னால் முடிவே இல்லாத மணல். டேவிட் லீன் இயக்கத்தில் 1962-ல் வெளிவந்து 7 ஆஸ்கர் விருதுகளை அள்ளிய படம் அது.

அந்தப் படத்தில் ஒரு காட்சி வரும். துருக்கிய ராணுவத்திடம் சிக்கும் லாரன்ஸின் உடம்பை ஓர் அதிகாரி தொட்டுப் பார்ப்பார். அடுத்து சவுக்கடி. அதன்பின் லாரன்ஸ் சேறான தெருவில் தூக்கி வீசப்படுவார். உள்ளே வேறு என்ன நடந்தது என்று படம் வெளிப்படையாகச் சொல்லாது. பலரும் அதை வெறும் சித்ரவதைக் காட்சி என்றே நினைத்துக் கடந்திருப்பார்கள்.

ஆனால் நிஜ லாரன்ஸ் அதைச் சொல்லியிருக்கிறார். தான் பாலியல் வன்முறைக்கு ஆளானதாகப் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறார். நூறு வருடத்துக்கு முன்பு, அதுவும் ஒரு போர் நாயகன், இப்படி எழுதியது மிக மிக அரிது.

அவருக்கு என்ன நடந்தது? அதற்குப் பிறகு எப்படி வாழ்ந்தார்? அவரைச் சுற்றி இருந்தவர்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள்? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த லாரன்ஸ்?

தாமஸ் எட்வர்ட் லாரன்ஸ், சுருக்கமாக டி.இ.லாரன்ஸ். 1888 ஆகஸ்ட் 16-ல் வேல்ஸ் நாட்டில் ட்ரெமடாக் என்ற ஊரில் பிறந்தார். ஐந்து ஆண் பிள்ளைகளில் இரண்டாவது.

லாரன்ஸ் என்ற பெயரே அந்தக் குடும்பத்தின் சொந்தப் பெயர் கிடையாது. அப்பா தாமஸ் சாப்மன், அயர்லாந்தில் பெரிய நிலச்சுவான்தார் குடும்பத்தைச் சேர்ந்தவர். மனைவியையும் நான்கு மகள்களையும் விட்டுவிட்டு, வீட்டில் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ள வந்த சாராவோடு வெளியேறியவர். திருமணம் ஆகாமலேயே இருவரும் லாரன்ஸ் தம்பதி என்ற பெயரில் ஊர் ஊராக வாழ்ந்து, 1896-ல் ஆக்ஸ்ஃபோர்டில் குடியேறினார்கள்.

ஊருக்குத் தெரியாமல் ஒன்றை மறைத்து வாழ்வது என்பது லாரன்ஸ் பிறந்த வீட்டிலேயே பார்த்து வளர்ந்த விஷயம். கண்டிப்பான அம்மாவிடம் அதிகம் அடி வாங்கிய பிள்ளையும் அவர்தான் என்கிறார்கள் வாழ்க்கை வரலாற்று ஆசிரியர்கள்.

ஆக்ஸ்ஃபோர்டின் ஜீசஸ் கல்லூரியில் வரலாறு படித்தார். சிலுவைப்போர் காலக் கோட்டைகளை ஆய்வு செய்ய 1909-ல் சிரியாவுக்குப் போனார். சுமார் 1,600 கிலோமீட்டர், பெரும்பாலும் நடந்தே சுற்றினார். பிறகு 1911 முதல் 1914 வரை யூஃப்ரடிஸ் நதிக்கரையில் உள்ள கார்கெமிஷ் என்ற பழைய நகரத்தில் அகழாய்வு வேலை. அரபு மொழி, சாப்பாடு, பழக்கவழக்கம் எல்லாம் அங்கேதான் கைவந்தது.

உயரம் சுமார் 165 சென்டிமீட்டர்தான். அவராக நடித்த பீட்டர் ஓ'டூல் அவரைவிட 20 சென்டிமீட்டருக்கு மேல் உயரம்!

ஒட்டகமும் வெடிமருந்தும்

1914-ல் முதல் உலகப்போர் வெடித்தது. துருக்கியின் ஒட்டோமான் பேரரசு ஜெர்மனி பக்கம் சேர்ந்தது. அரபு தெரிந்த லாரன்ஸை பிரிட்டன் கெய்ரோவில் இருந்த உளவுப் பிரிவுக்கு அனுப்பியது. அடுத்த வருடமே அவரது தம்பிகள் இரண்டு பேர் போரில் இறந்தார்கள்.

1916 ஜூனில் மெக்காவின் ஷரிஃப் ஹுசைன் ஒட்டோமான் ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சியைத் தொடங்கினார். அவருடைய மகன் ஃபைசலுக்கு ஆலோசகராகப் போய்ச் சேர்ந்தார் லாரன்ஸ். டமாஸ்கஸிலிருந்து மதினா வரை ஓடிய ரயில் பாதையைக் குண்டு வைத்துத் தகர்ப்பதுதான் முக்கிய வேலை. 1917 ஜூலை 6-ல் பாலைவனம் வழியாக வந்து அகாபா துறைமுகத்தை அரபுப் படை பிடித்தபோது அவர் பெயர் பெரிதாகப் பேசப்பட்டது.

ஆனால் உள்ளுக்குள் ஒரு குற்ற உணர்ச்சி. போர் முடிந்ததும் அரபு நிலங்களைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ள பிரிட்டனும் பிரான்ஸும் 1916-லேயே ரகசிய ஒப்பந்தம் போட்டிருந்தன. அதுதான் சைக்ஸ்-பிகோ ஒப்பந்தம். விடுதலை கிடைக்கும் என நம்பித் தன்னோடு சண்டை போடும் மனிதர்களை ஏமாற்றுகிறோமே என்ற எண்ணம் அவரை அரித்துக்கொண்டே இருந்தது.

தேரா நகரில் என்ன நடந்தது?

தேரா, தெற்கு சிரியாவில் உள்ள ஊர். 2011-ல் சிரியா அரசுக்கு எதிரான போராட்டம் தொடங்கியதே, அதே ஊர்தான். 1917-ல் அது முக்கியமான ரயில் சந்திப்பு. அதைப் பிடித்தால் துருக்கியப் படையின் போக்குவரத்தே துண்டாகிவிடும்.

1917 நவம்பரில், ஊரை வேவு பார்க்க மாறுவேடத்தில் உள்ளே போனதாக லாரன்ஸ் எழுதியிருக்கிறார். துருக்கிய சிப்பாய்கள் பிடித்துக்கொண்டார்கள். வெள்ளைத் தோலுக்குக் காரணம் சொல்ல, தான் சிர்காசிய இனத்தவன் என்று சமாளித்தார். அன்று இரவு அவரை பே என்று அழைக்கப்பட்ட உயர் அதிகாரியிடம் கொண்டு போனார்கள்.

அந்த அதிகாரி அவரை உறவுக்கு வற்புறுத்தினார். லாரன்ஸ் மறுத்தார், தள்ளிவிட்டார். அதன்பிறகு சிப்பாய்கள் அவரை வெளியே இழுத்துச் சென்று சவுக்கால் அடித்தார்கள், பாலியல் ரீதியாகச் சிதைத்தார்கள். விடிவதற்குள் ஒரு கொட்டகையில் போட்டுவிட்டுப் போனார்கள். அங்கே கிடைத்த பழைய துணியை மாட்டிக்கொண்டு அவர் தப்பித்து வெளியேறினார்.

இது லாரன்ஸ் தந்த விவரம். அப்போது அவருக்கு வயது 29.

நண்பர்களிடம் சொன்ன கதையே வேறு

அடிபட்ட உடம்போடு தன் ஆட்களிடம் வந்து சேர்ந்த லாரன்ஸ், நடந்தது எதையும் சொல்லவில்லை. லஞ்சம் கொடுத்து, சாமர்த்தியமாகப் பேசித் தப்பித்து வந்ததாக ஒரு சிரிப்புக் கதையைச் சொன்னார். அவர்களும் நம்பிச் சிரித்தார்கள்.

மூன்றே வாரத்தில், 1917 டிசம்பர் 11-ல், பிரிட்டிஷ் தளபதி அலன்பி ஜெருசலேம் நகருக்குள் நுழைந்த விழாவில் ராணுவ உடையில் அவரோடு நடந்து போனார். பார்த்தவர்கள் யாருக்கும் எதுவும் தோன்றியிருக்காது.

இதை ஒரு நிமிடம் நின்று கவனிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் என்றால் அழுவார், முடங்கிக் கிடப்பார், பார்த்தாலே தெரிந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். லாரன்ஸ் ஜோக் அடித்தார். மறு வாரம் வேலைக்குப் போனார். அதனால் எதுவும் நடக்கவில்லை என்று ஆகிவிடாது.

1918 செப்டம்பர் கடைசியில் போர் மறுபடியும் தேரா பக்கம் வந்தது. அருகில் உள்ள தஃபாஸ் கிராமத்தில் துருக்கியப் படை பெண்களையும் குழந்தைகளையும் கொன்று போட்டிருந்தது. அதைப் பார்த்த ஆத்திரத்தில், யாரையும் கைதியாகப் பிடிக்க வேண்டாம் என்று தான் உத்தரவிட்டதாக லாரன்ஸே எழுதியிருக்கிறார். சரணடைய வந்தவர்களும் கொல்லப்பட்டார்கள். அந்த வெறிக்குப் பின்னால் தேரா இரவும் இருந்ததா என்ற கேள்வி இன்றுவரை பேசப்படுகிறது. எதுவாக இருந்தாலும் அந்த ரத்தத்துக்கு அது நியாயம் ஆகாது.

புகழின் உச்சியில் காணாமல் போனவர்

போர் முடிந்தது. 1918 அக்டோபர் 30-ல் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் நேரில் அழைத்துப் பட்டமும் பதக்கமும் தர முன்வந்தபோது, வேண்டாம் என்று மறுத்துவிட்டார். 1919-ல் லோவல் தாமஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் லண்டனில் படக்காட்சியோடு நடத்திய நிகழ்ச்சியை லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். லாரன்ஸ் ஒரே இரவில் சூப்பர் ஸ்டார்!

அடுத்து அவர் செய்ததுதான் யாருக்கும் புரியவில்லை. சர்ச்சிலின் கீழ் அரசாங்கப் பதவியில் இருந்தவர், 1922 ஆகஸ்டில் ஜான் ஹியூம் ராஸ் என்ற பொய்ப் பெயரில் விமானப்படையில் கடைநிலை ஊழியராகச் சேர்ந்தார். கர்னல் பதவியில் இருந்தவர் பாத்திரம் கழுவினார், தரை துடைத்தார்.

சேரும்போது நடந்த மருத்துவப் பரிசோதனையில், உடம்பில் இருந்த தழும்புகளைப் பார்த்து டாக்டர் என்ன என்று கேட்டார். லாரன்ஸ் வழக்கம்போல வேடிக்கையாகப் பதில் சொல்லி நழுவினார். கேள்வி அத்தோடு முடிந்தது.

சில மாதங்களில் பத்திரிகைகள் கண்டுபிடித்துவிட்டன. 1923 ஜனவரியில் விமானப்படை அவரை வெளியேற்றியது. மார்ச் மாதமே டி.இ.ஷா என்ற இன்னொரு பெயரில் டாங்கிப் படையில் சிப்பாயாகச் சேர்ந்தார். கடைசி வரை அந்தப் பெயர்தான். சட்டப்படியும் மாற்றிக்கொண்டார்.

யாராவது தொட்டாலே அவருக்குப் பிடிக்காது, கை குலுக்குவதைக்கூடத் தவிர்ப்பார் என நண்பர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சாப்பாட்டில் அக்கறை இல்லை. காதல், கல்யாணம் எதுவும் கிடையாது. மோட்டார் சைக்கிளை அசுர வேகத்தில் ஓட்டுவது மட்டும் பிடிக்கும். ஊர் இதற்கெல்லாம் வைத்த பெயர், விசித்திரமான ஆள்.

இதெல்லாமே தேராவால்தான் என்று சொல்லிவிட முடியாது. இறந்த தம்பிகள், ஏமாற்றப்பட்ட அரபு நண்பர்கள், பிறப்பு ரகசியம், சிறுவயது அடி, தாங்க முடியாத புகழ் என்று பல சுமைகள் இருந்தன. ஆனால் அந்த இரவைத் தவிர்த்துவிட்டும் இந்த வாழ்க்கையைப் புரிந்துகொள்ள முடியாது.

திரும்பத் திரும்ப எழுதிய அத்தியாயம்

போர் அனுபவங்களை 'செவன் பில்லர்ஸ் ஆஃப் விஸ்டம்' என்ற பெரிய நூலாக எழுதினார் லாரன்ஸ். முதல் கையெழுத்துப் பிரதி 1919-ல் ரெடிங் ரயில் நிலையத்தில் தொலைந்தே போனது. மறுபடி முதலிலிருந்து எழுதினார். அதில் அவர் பலமுறை அடித்துத் திருத்தி எழுதிய பகுதி, தேரா அத்தியாயம்.

அந்த அத்தியாயத்தில் பலரையும் அதிர வைத்த ஓர் இடம் உண்டு. அடி வாங்கிக் கிடந்தபோது, வலிக்கு நடுவே தன் உடம்பு ஒரு கட்டத்தில் பாலியல் ரீதியாக எதிர்வினை காட்டியதாக அவர் எழுதினார். இதைப் பிடித்துக்கொண்டு, அப்படியானால் அவருக்கு அது பிடித்திருக்கிறது என்று பேசியவர்கள் நிறைய.

மருத்துவம் சொல்வது வேறு. பயத்திலும் வலியிலும் உடம்பு தானாக எதிர்வினை காட்டலாம். ஆணுக்கு விறைப்பு ஏற்படலாம், விந்து வெளியேறலாம். தூசி பட்டால் கண்ணில் தண்ணீர் வருவது போல, மனசு சொல்லி நடப்பதில்லை அது. சம்மதம் என்பது மனசு தருவது. உடம்பு காட்டும் எதிர்வினை சம்மதம் ஆகாது.

இந்த ஒரு விஷயம் தெரியாமல்தான், பாதிக்கப்பட்ட பல ஆண்கள் தங்களையே குற்றவாளி போல நினைத்து வாயை மூடிக்கொள்கிறார்கள். லாரன்ஸும் அப்படித்தான் நினைத்தார். அந்த இரவில் தன்னுடைய முழுமை திரும்பி வராதபடி தொலைந்துபோனதாக அத்தியாயத்தை முடித்திருந்தார்.

இந்தப் புத்தகம் 1926-ல் சுமார் 200 பிரதிகள் மட்டும், சந்தாதாரர்களுக்காக அச்சானது. பொதுமக்களுக்காக 1927-ல் வந்த சுருக்கப் பதிப்பில் தேரா சம்பவம் இல்லை. அவர் இறந்த பிறகு, 1935-ல்தான் முழு நூல் எல்லோர் கைக்கும் வந்தது.

சார்லட் ஷா: கேட்ட ஒரே காது

நாடக ஆசிரியர் பெர்னார்ட் ஷாவின் மனைவி சார்லட். லாரன்ஸைவிட 31 வயது மூத்தவர். 1922-ல் தொடங்கிய அவர்களது நட்பில் நூற்றுக்கணக்கான கடிதங்கள் போய்வந்தன.

1924 மார்ச்சில் சார்லட்டுக்கு எழுதிய கடிதத்தில்தான் லாரன்ஸ் மனசைத் திறந்தார். வலி பொறுக்க முடியாமல், சில நிமிட நிம்மதிக்காகத் தான் பணிந்துவிட்டதாக எழுதினார். மனிதனுக்கு இருக்கும் ஒரே சொத்தான உடலின் மானத்தைக் கொடுத்துவிட்டேன், அது மன்னிக்க முடியாத தவறு, நல்ல மனிதர்களோடு பழகும் தகுதியே எனக்கு இல்லை என்ற பொருளில் போகிறது கடிதம்.

செய்தவர்கள் யாரோ. மன்னிக்க முடியாதவராகத் தன்னை நிறுத்திக்கொண்டவர் லாரன்ஸ். நடந்து ஆறு வருடம் கழிந்த பிறகும் தண்டனையை அவரே அனுபவித்துக்கொண்டிருந்தார்.

இதைப் படித்தபின் சார்லட் விலகிப் போகவில்லை. ஊரெல்லாம் சொல்லவும் இல்லை. கடிதம் தொடர்ந்தது, புத்தகப் பார்சல்கள் தொடர்ந்தன, அச்சுப் பிழை திருத்தும் வேலையிலும் கைகொடுத்தார். லாரன்ஸ் கடைசி வரை நம்பிப் பேசிய ஒரு சிலரில் அவரும் ஒருவர்.

1925 ஜூனில் இன்னொரு நெருக்கடி. டாங்கிப் படை வாழ்க்கை பிடிக்காமல், உயிரை விட்டுவிடப் போவதாகப் பொருள்படும்படி நண்பர் எட்வர்ட் கார்னெட்டுக்கு எழுதினார் லாரன்ஸ். சும்மா மிரட்டுகிறார் என்று கார்னெட் விட்டுவிடவில்லை. உடனே பெர்னார்ட் ஷாவிடம் சொல்ல, ஷா பிரதமர் பால்ட்வினுக்கே எழுதினார். ஆகஸ்டில் லாரன்ஸுக்குப் பிடித்த விமானப்படைக்கே மாற்றல் கிடைத்தது. வார்த்தையை அப்படியே நம்பி, வேகமாகச் செயல்பட்ட நண்பர்களால் ஓர் உயிர் அன்று காப்பாற்றப்பட்டது என்றே சொல்லலாம்.

சவுக்கும் ஜான் புரூஸும்

1968-ல் லண்டன் பத்திரிகை ஒன்றில் ஜான் புரூஸ் என்ற முன்னாள் சிப்பாய் சொன்ன தகவல் பெரும் பரபரப்பானது. 1923 முதல் பல வருடங்கள், லாரன்ஸ் கேட்டுக்கொண்டதால் அவரைத் தான் பிரம்பால் அடித்ததாகச் சொன்னார் புரூஸ்.

இதற்காக லாரன்ஸ் ஒரு கதையையே கட்டியிருந்தார். குடும்பத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார், தன் பாவத்துக்குத் தண்டனையாக அவர்தான் அடிக்கச் சொல்கிறார் என்பது அந்தக் கதை. அப்படி ஒரு பெரியவரே இல்லை. அடிக்கச் சொன்னதும் தண்டனை விதித்ததும் லாரன்ஸேதான். இந்த அடிகள் நடந்தது உண்மை என்பதை வரலாற்று ஆசிரியர்களில் பெரும்பாலோர் ஏற்கிறார்கள்.

பத்திரிகைகள் இதை ஒரு கிளுகிளுப்புச் செய்தியாகத்தான் எழுதின. ஹார்வர்டைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஜான் மேக் வேறு விதமாகப் பார்த்தார். லாரன்ஸ் பற்றி அவர் 1976-ல் எழுதிய வாழ்க்கை வரலாறு அடுத்த வருடம் புலிட்சர் பரிசு பெற்றது. தேராவில் நடந்த வன்முறையின் காயத்தையும், அதற்காகத் தன்னையே தண்டித்துக்கொண்ட இந்தப் பழக்கத்தையும் மேக் சேர்த்து வைத்துப் பார்த்தார். விசித்திரம் என்று ஊர் சொன்னதை, காயம் என்று ஒரு மருத்துவர் படித்துச் சொல்ல அரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

அந்தச் சம்பவம் உண்மையில் நடந்ததா?

இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. லாரன்ஸின் டைரியில் அந்த நாட்களுக்கான பக்கம் கிழிக்கப்பட்டிருக்கிறது. தேதிகள் ஒத்துப்போகவில்லை என்று ஜேம்ஸ் பார் போன்ற ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். லாரன்ஸ் சில இடங்களில் மிகைப்படுத்தி எழுதுபவர் என்பதும் தெரிந்ததே. மறுபக்கம், 1919-லேயே ஓர் அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில் தேரா பற்றி அவர் குறிப்பிட்டிருக்கிறார். ஜெரமி வில்சன், ஜான் மேக் போன்றோர் ஏதோ ஒரு கொடூரம் நிச்சயம் நடந்தது என்றே எழுதினார்கள்.

ஆவணத்தைச் சந்தேகிப்பது வரலாற்று ஆய்வாளரின் வேலை. அதில் தவறில்லை. ஆனால் நம் பக்கத்தில் உட்கார்ந்து, தயங்கித் தயங்கிச் சொல்லும் ஒருவரிடம் நாம் ஆய்வாளராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. முன்னுக்குப் பின் முரணாகப் பேசுவது, தேதி மறப்பது, சில பகுதியை மறைப்பது எல்லாம் அதிர்ச்சிக்கு ஆளானவர்களிடம் சாதாரணமாகக் காணப்படுபவை. அதை வைத்து மட்டும் பொய் என்று முடிவு கட்ட முடியாது.

லாரன்ஸ் நினைத்திருந்தாலும் புகார் செய்திருக்க முடியுமா என்பதும் யோசிக்க வேண்டியது. ஆணோடு ஆண் உறவு என்பதே இங்கிலாந்தில் 1967 வரை குற்றம். ஆணும் வன்புணர்வுக்கு ஆளாகலாம் என்று அந்நாட்டுச் சட்டம் ஏற்றுக்கொண்டது 1994-ல்தான். அதாவது லாரன்ஸ் இறந்து 59 வருடம் கழித்து.

கடைசிப் பயணம்

1927 தொடக்கத்தில் கராச்சிக்கும், 1928-ல் ஆப்கன் எல்லையோரம் உள்ள மிரான்ஷாவுக்கும் விமானப்படை ஊழியராக அனுப்பப்பட்டார் லாரன்ஸ். ஆப்கானிஸ்தானில் உளவு பார்க்கிறார் என்று பத்திரிகைகள் கிளப்பிவிட, 1929 தொடக்கத்தில் திருப்பி அழைக்கப்பட்டார். பிறகு கடலில் விழும் விமானிகளைக் காப்பாற்றும் வேகப் படகுகளை உருவாக்கும் பணியில் ஈடுபட்டார். அவரது நல்ல வருடங்கள் அவை என்கிறார்கள்.

1935 பிப்ரவரியில் பணி முடிந்தது. மே 13-ல், டார்செட்டில் இருந்த தன் சின்ன வீட்டருகே மோட்டார் சைக்கிளில் வந்தவர், சைக்கிளில் வந்த இரண்டு சிறுவர்கள் மீது மோதாமல் இருக்க முயன்று தூக்கி எறியப்பட்டார். ஆறு நாள் கழித்து, மே 19-ல் இறந்தார். வயது 46. அவருக்குச் சிகிச்சை அளித்த டாக்டர்களில் ஒருவரான ஹியூ கேர்ன்ஸ், பின்னாளில் செய்த ஆய்வுகள்தான் பிரிட்டனில் ஹெல்மெட் அவசியம் என்பதற்கு வழிவகுத்தன.

தமிழர்களுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

சிறைபிடிக்கப்பட்ட ஆணை அவமானப்படுத்த பாலியல் வன்முறையை ஆயுதமாக்குவது லாரன்ஸ் காலத்தோடு முடிந்துவிடவில்லை. இலங்கைப் போர் குறித்து ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2015-ல் வெளியிட்ட விசாரணை அறிக்கை, பாதுகாப்புப் படையினரிடம் தடுப்பில் இருந்த ஆண்களும் பெண்களுக்கு இணையாகப் பாலியல் வன்முறைக்கு ஆளாகும் நிலை இருந்ததாகப் பதிவு செய்தது. அதில் எத்தனை பேர் வீட்டில் வாய்திறந்து சொல்லியிருப்பார்கள்?

போர் இல்லாத இடத்திலும் இதே கதைதான். மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகச் சொன்ன குழந்தைகளில் பாதிக்கு மேல், அதாவது 52.94 சதவீதம் பேர் ஆண் பிள்ளைகள். பொண்ணுங்களைத்தான் பத்திரமா பார்த்துக்கணும், பையனுக்கு என்ன ஆகிடப்போகுது என்ற பேச்சு எவ்வளவு தப்பு என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம்.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

18 வயதுக்கு உட்பட்டவர் என்றால், 2012-ல் வந்த போக்சோ சட்டம் ஆண் பிள்ளை, பெண் பிள்ளை இருவருக்கும் ஒரே பாதுகாப்பு தருகிறது. விஷயம் தெரிந்தவர்கள் போலீசுக்குத் தகவல் சொல்வது கட்டாயம். குழந்தையின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடக் கூடாது.

வயது வந்த ஆண் என்றால் சிக்கல். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், வன்புணர்வுப் பிரிவு பாதிக்கப்பட்டவர் பெண் என்றே சொல்கிறது. பழைய சட்டத்தில் இருந்த 377-வது பிரிவின் கீழ் பாதிக்கப்பட்ட ஆண் புகார் தர வழி இருந்தது. புதிய சட்டத்தில் அந்தப் பிரிவே இல்லை. தாக்குதல், காயப்படுத்துதல், அடைத்து வைத்தல், மிரட்டல் போன்ற பிரிவுகளில்தான் புகார் தர வேண்டியிருக்கிறது.

எப்படி அடையாளம் காண்பது? என்ன செய்யலாம்?

லாரன்ஸின் வாழ்க்கையில் இருந்த பல அடையாளங்கள் இன்றும் பொருந்தும். திடீரென ஒதுங்குவது, தொட்டால் பதறுவது, குளிக்கவோ உடை மாற்றவோ பயப்படுவது, தன்னையே காயப்படுத்திக்கொள்வது, காரணமில்லாத கோபம், குடி, ஆபத்தான வேகம், நான் எதற்குமே லாயக்கில்லை என்ற பேச்சு. இவற்றில் ஒன்று இருந்தாலே இதுதான் காரணம் என்று அர்த்தமில்லை. ஆனால் அன்பாக விசாரிக்க அது போதுமான காரணம்.

ஓர் ஆண் உங்களிடம் சொல்ல முன்வந்தால் சிரிக்காதீர்கள். திருப்பி அடிக்க வேண்டியதுதானே என்று கேட்காதீர்கள். பயத்தில் உடம்பு உறைந்து போவதும் உயிர் பிழைக்கும் ஒரு வழிதான். நம்புகிறேன், உன் மேல் தப்பில்லை, அடுத்து என்ன செய்யணும்னு நீ சொல்லு என்ற மூன்று வார்த்தைகள் முதலில் போதும். அவர் அனுமதி இல்லாமல் இன்னொருவரிடம் சொல்லக் கூடாது. பாதிக்கப்பட்டவர் சிறுவன் என்றால் மட்டும், சட்டப்படி போலீசுக்கோ குழந்தைகள் உதவி எண்ணுக்கோ தெரிவித்தே ஆக வேண்டும்.

சம்பவம் சமீபத்தில் நடந்திருந்தால், உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. முடிந்தால் குளிக்காமல், அன்று அணிந்திருந்த துணியைத் துவைக்காமல் எடுத்துச் செல்வது ஆதாரமாக உதவும். பல வருடம் ஆகிவிட்டாலும் மனநல ஆலோசனைக்கு நேரம் கடந்துவிடவில்லை.

உயிரை விட்டுவிடலாம் என்ற பேச்சு வந்தால், கார்னெட் செய்தது போல அன்றே செயல்படுங்கள். அவரைத் தனியாக விடாதீர்கள்.

உதவிக்கு:
மனநல ஆலோசனை (டெலிமானஸ், 24 மணி நேரமும் இலவசம்): 14416
தமிழ்நாடு அரசு சுகாதார உதவி எண்: 104
குழந்தைகள் உதவி எண்: 1098
அவசர உதவி: 112